முப்பத்திரண்டு விநாடி

கிளீவ்லாந்தில் பிப்ரவரி.
ஸ்டூடியோ முன்பு சலவைக்கூடமாக இருந்தது.
மழை நாளில் சுவர் இன்னும் சோப்பு மணக்கும்.
வெந்நீர்க் குழாய் மைக்கில் சீறுமென்று
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
ஹீட்டரைப் போய் அணைப்பது நான்.
டேப் மாற்றுவதும் நான். காபியும் நான்.
சம்பளம் மட்டும் ஓராளுக்கு.

பதினோரு பேர், பிறைவட்டமாக.
நான்கு டிரம்பெட், மூன்று டிரம்போன்,
இரண்டு பிரெஞ்சு ஹார்ன், ஒரு யூஃபோனியம்,
கடைசி நாற்காலியில், டியூபாவுக்குப் பின்னால்
தொப்பி மட்டும் தெரிய, ஹோரஸ் டில்மன்.
எல்லோருக்கும் எதிரே தனியாக
டெல்மர் புரூயிட், டெனர் சாக்ஸபோன்.
மற்றவர் தட்டுகளில் சின்ன எழுத்தில் கிடந்தவன்;
இந்தத் தட்டில்தான் பெயர் மேலே வரப்போகிறது.

"நீயும் பித்தளைதானே, இங்கே வந்து உட்காரேன்"
என்றார் குபியாக், சிம்பொனியிலிருந்து
மணிக்கூலிக்கு வந்த ஹார்ன்காரர்.
டெல்மர் வாயிலிருந்து நாணல் சீவலை எடுத்துக்
குழல்விளக்கில் தூக்கிக் காட்டினான்.
எச்சில் பளபளத்தது.
"உடம்பு உங்க வகையறா. நாக்கு புல்லு."
டிரம்போன்கள் சிரித்தார்கள்.
டிரம்பெட்கள் சிரிப்பதற்கு நேரமெடுத்தார்கள்.

ஹீட்டர் நின்றால் அறை ஆறும்.
ஊதாமல் காத்திருக்கும் பித்தளை
முதலில் ஆறும்; மயிரிழை சுருதி இறங்கும்.
அதனால் தன் முறை வராதவர்கள்
சத்தமில்லாத மூச்சைக் குழாய்க்குள்
விட்டுக்கொண்டே இருப்பார்கள்,
பனிக்காலத்தில் கைக்குள் ஊதிக்கொள்வதுபோல.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால்
பதினோரு பேர் ஏதோ ரகசியத்தை
உலோகத்திடம் சொல்வதாகத் தோன்றும்.

மூன்றாவது பாட்டு, மெதுவானது. ஏழாவது டேக்.
யூனியன் கடிகாரத்தில் நான்கு நிமிடம் பாக்கி,
அதற்கு மேல் ஒவ்வொரு கால்மணியும் இரட்டைக் கூலி.
பித்தளை எழுந்தது. டியூபா அடியில்
பாரம் ஏற்றிய சரக்குக் கப்பல்போல் நகர்ந்தது.
ஐரா பெக்வித் பென்சிலால் சைகை காட்டினார்:
இப்போது.

டெல்மர் ஊதவில்லை.

பென்சில் அங்கேயே நின்றது.
பதினோரு பேரும் நிறுத்தவில்லை.
ஒரு தனிக்குரலைத் தாங்குவதற்கென்று
எழுதிய சுரங்கள், தாங்க ஒன்றுமில்லாமல்
தாங்கிக்கொண்டே போயின.
தயாரிப்பாளர் மில்பர்ன் என்னைப் பார்த்தார்,
நான்தான் ஏதோ ஒயரைப் பிடுங்கிவிட்டதாக.
நான் டெல்மரைப் பார்த்தேன்.
கருவி இடுப்பில் தொங்க, வாய் பாதி திறந்து,
தலையைச் சாய்த்து,
டில்மனின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு ஆவர்த்தனம் கழித்து,
மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவனாக
பாட்டின் பாதியில் நுழைந்தான்.
மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

"இன்னொரு டேக்" என்றார் பெக்வித்.
மில்பர்ன் கடிகாரத்தைப் பார்த்தார்.
"இதுவே போதும்."
கலை அப்படித்தான் முடிவாயிற்று,
கால்மணிக் கூலிக்குப் பயந்து.

அட்டையின் பின்பக்கம் யாரோ எழுதினார்:
துணிச்சலான மௌனம், திட்டமிட்ட வெற்றிடம்.
டெல்மர் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான்.
அன்றிரவே வாசலில் நான் கேட்டிருந்தேன்,
மறந்துட்டீங்களா என்று.
கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டே சொன்னான்:
"பதினோரு பேர் ஊதறாங்க.
ஒருத்தனாவது கேக்க வேண்டாமா?"
பிறகு, பஸ் போய்விட்டதா என்று கேட்டான்.
போய்விட்டிருந்தது.

உள்ளே வந்து தரையைத் துடைத்தேன்.
ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே
மூச்சு குளிர்ந்து வடிந்த நீர்,
பதினொரு குட்டை. டியூபாவுடையது பெரியது.

தட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது.
அந்த இடம் வந்ததும் ஒலியைக் கூட்டுவேன்.
இருபதாவது விநாடியில், டிரம்போன்களுக்குப் பின்னால்,
ஒரு சின்ன 'டக்'.
யாரும் எழுதாத சுரம்.
அன்று ஹீட்டரைக் கொஞ்சம் தாமதமாக அணைத்தேன்;
குழாய் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது.